இலவசச் சதுரங்கச் செயலியை மேம்படுத்த நான்கு வழிகள்: எஞ்சினைத் திருத்துவதா, மாற்றுவதா, அப்படியே விடுவதா?

தாமே எழுதிய சதுரங்கச் செயலியை ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் இலவசமாகக் கொடுத்துவரும் வாசகர்கள் சிலர், வெவ்வேறு சொற்களில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்து நகர்வுகளைக் கணக்கிடும் நிரலான எஞ்சின் சுமாராகத்தான் ஆடுகிறது. பயன்படுத்துபவர்களில் ஒருவர் "மிகவும் எளிது" என்கிறார், இன்னொருவர் "ஒரு முறைகூட ஜெயிக்க முடியவில்லை" என்கிறார். அடுத்த பதிப்பில் எதில் கை வைப்பது? சொந்த எஞ்சினையே சீர்செய்வது, ஸ்டாக்ஃபிஷ் என்ற மிகப் பலமான இலவச எஞ்சினைக் கொண்டுவந்து உள்ளே வைப்பது, கணக்கீட்டைச் சேவையகத்துக்கு அனுப்பிவிடுவது, எஞ்சினைத் தொடாமல் மற்றவற்றைத் திருத்துவது என நான்கு வழிகள் முன்னால் நிற்கின்றன. கேட்பவர்களில் பலர் இந்த நான்கையும் ஆட்டபலம் என்ற ஒற்றைத் தராசில் வைத்துப் பார்க்கிறார்கள். என் கணிப்பில், இங்கே கடைசியாகப் பார்க்க வேண்டியது அந்தப் பலம்தான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

பலத்தை ஏன் ஒதுக்குகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. 2009 ஆகஸ்டில் புவெனஸ் அயர்ஸில் நடந்த மெர்கோசூர் கோப்பைப் போட்டியில், ஹெச்டிசி டச் ஹெச்டி என்ற கைப்பேசியில் ஓடிய பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4, பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்று, ஒன்றைச் சமன் செய்து முதலிடம் பெற்றது. அதற்குள் இருந்த ஹையார்க்ஸ் 13 எஞ்சின் வினாடிக்கு 20,000 பலகை நிலைகளுக்கும் குறைவாகவே அலசியது. இன்றைய சாதாரணக் கைப்பேசி அதைப் போலப் பல மடங்கு வேகமாக அலசும். ஆகவே மனிதர்களை வெல்லும் பலம் கையடக்கக் கருவியில் கிடைக்குமா என்ற கேள்வி தீர்ந்து நெடுநாளாகிறது. உங்கள் செயலியைத் தேடி வருபவர் தேநீர் இடைவேளையில் ஓர் ஆட்டம் ஆடி, சில சமயம் தோற்று, சில சமயம் வெல்ல விரும்புபவர். அவருக்கு உலகச் சாம்பியனை வெல்லும் எஞ்சினால் நேரடிப் பயன் ஏதுமில்லை.

ஆகவே முதல் அளவுகோல், தாழ்ந்த கடின நிலைகளில் ஆட்டம் எப்படி இருக்கிறது என்பது. எஞ்சின் பலவீனமாக ஆடும்போது மனிதர் தவறு செய்வதுபோலத் தவறு செய்கிறதா, அல்லது ஒன்பது நகர்வு கிராண்ட்மாஸ்டர் போல ஆடிவிட்டுப் பத்தாவது நகர்வில் காரணமே இல்லாமல் யானையைத் தூக்கிக் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது உரிமம்: உள்ளே சேர்க்கும் நிரல் உங்கள் சொந்த நிரலின் மேல் என்ன கடமையைச் சுமத்துகிறது, விளம்பரம் வைக்க இடம் தருகிறதா, ஆப்பிள் கடையில் வெளியிட முடியுமா என்பவை இதில் அடங்கும். மூன்றாவது, செயலியின் அளவு, பேட்டரிச் செலவு, கைப்பேசி சூடாவது.

நான்காவது பராமரிப்பு. இது கணக்கில் வராமலே போய்விடுகிறது, ஆனால் இலவசச் செயலிகளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். கூகுள் பிளே 2019 ஆகஸ்டிலிருந்து 64 பிட் வடிவத்தைக் கட்டாயமாக்கியது. ஆண்ட்ராய்டு 10-ஐ இலக்காகக் கொண்ட செயலிகள், தங்கள் தரவுக் கோப்புறையில் எழுதிவைத்த நிரலை அங்கிருந்து இயக்க முடியாமல் போயிற்று. 2025 நவம்பரிலிருந்து, ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்குப் பிந்தியதையோ இலக்காகக் கொண்டு வரும் புதிய பதிப்புகளில் சி, சி++ நிரல்கள் 16 கிலோபைட் நினைவகப் பக்கங்களுக்கு ஏற்றபடி தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் உழைக்கும் ஒருவர் இத்தகைய மாற்றங்களுக்கு ஆண்டுதோறும் ஈடுகொடுக்க முடியுமா என்பதையும் சேர்த்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்தாவதாக, இணையம் இல்லாதபோது செயலி பயன்படுமா என்று பார்க்க வேண்டும்.

| அளவுகோல் | சொந்த எஞ்சினைச் சீர்செய்தல் | ஸ்டாக்ஃபிஷைச் சேர்த்தல் | சேவையகம் | எஞ்சினைத் தொடாமல் மற்றவை |
|---|---|---|---|---|
| தாழ்ந்த நிலை ஆட்டம் | முழுக்க உங்கள் கையில் | செயற்கையாகத் தோன்றும் | எஞ்சினைப் பொறுத்தது | நேரடியாக மேம்படும் |
| உச்ச பலம் | மெதுவாக ஏறும் | மனித எல்லைக்கு அப்பால் | மனித எல்லைக்கு அப்பால் | மாறாது |
| உரிமச் சுமை | இல்லை | ஜிபிஎல் 3 (மூலநிரலைத் திறந்து தரக் கோரும் உரிமம்) | குறைவு | சேர்க்கும் பொருளைப் பொறுத்தது |
| அளவு | சில நூறு கிலோபைட் | பல பத்து மெகாபைட் | மிகச் சிறிது | ஓரிரு மெகாபைட் |
| பணச் செலவு | இல்லை | இல்லை | மாத வாடகை | இல்லை |
| இணையமின்றி | ஆடும் | ஆடும் | ஆடாது | ஆடும் |
| மறைந்திருக்கும் செலவு | சோதனை ஆட்டங்களுக்கான நேரம் | தொகுப்பு, உரிமக் கடமை | எப்போதும் ஒருவர் கண்காணிக்க வேண்டும் | வடிவமைப்பு உழைப்பு |

## சொந்த எஞ்சினைச் சீர்செய்தல்

சொந்த எஞ்சின் சுமாராக ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும், ஒரு நிலை யாருக்குச் சாதகம் என்று எண்ணால் சொல்லும் மதிப்பீட்டில் இல்லை, வரப்போகும் நகர்வுகளை முன்கூட்டி அலசும் தேடலில்தான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். எஞ்சின் மூன்று அரைநகர்வு ஆழம் வரை தேடுகிறது என்று கொள்வோம். தான் ஒன்று, எதிராளி ஒன்று, மீண்டும் தான் ஒன்று. அந்த மூன்றாவது அரைநகர்வில் வெள்ளை ராணி டி5 கட்டத்திலுள்ள கறுப்புச் சிப்பாயைப் பிடிக்கிறது. தேடல் அங்கேயே நின்று, ஒரு சிப்பாய் லாபம் என்று கணக்கு எழுதுகிறது. எஃப்6-இல் நிற்கும் கறுப்புக் குதிரை அடுத்த நொடியே ராணியை வெட்டும் என்பது எல்லைக்கு வெளியே இருப்பதால் அதன் கண்ணில் படவே இல்லை. இதற்கு மருந்து, ஆழம் முடிந்ததும் நிறுத்தாமல், வெட்டும் நகர்வுகளை மட்டும் நிலை அமைதியடையும்வரை தொடர்ந்து தேடுவது. இந்த அமைதித் தேடல் இல்லாத எஞ்சினுக்கு எவ்வளவு நுட்பமான மதிப்பீட்டை எழுதினாலும் வீண்.

வரிசையும் முக்கியம். முதலில் நகர்வுகளை உருவாக்கும் பகுதி பிழையற்றதா என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் பெர்ஃப்ட் என்ற எண்ணும் சோதனை இருக்கிறது. தொடக்க நிலையிலிருந்து ஓர் அரைநகர்வில் 20, இரண்டில் 400, மூன்றில் 8,902, நான்கில் 1,97,281, ஐந்தில் 48,65,609 என்று எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று குறைந்தாலும், எங்கோ ஒரு விதி தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்; இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை வழியில் பிடிக்கும் என் பாசான் பிடிப்பாக அது இருக்கலாம். தொடக்க நிலையில் அந்த ஆழத்துக்குள் கோட்டை கட்டும் வாய்ப்பே வராது என்பதால், அதைச் சோதிக்கவென்றே அமைக்கப்பட்ட வேறு நிலைகளிலும் எண்ணிப் பார்ப்பது நல்லது. அடுத்து நகர்வுகளை வரிசைப்படுத்துதல்: சிறிய காயால் பெரிய காயை வெட்டும் நகர்வை முதலில் பார்த்தால், பயனற்ற கிளைகளைத் தேடாமல் ஒதுக்கும் ஆல்ஃபா-பீட்டா வெட்டு பன்மடங்கு பயன் தரும். பிறகு, அலசி முடித்த நிலைகளைக் குறித்து வைக்கும் ஹேஷ் அட்டவணை. ஒரு பதிவுக்கு 16 பைட் என்று வைத்தால் 16 மெகாபைட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிலைகளை நினைவில் கொள்ளலாம். கைப்பேசிக்கு அது தாராளம். இவற்றுக்குப் பிறகே, ஒரு முறை நகர்த்தாமல் விட்டுப் பார்க்கும் நல் மூவ், பின்வரிசை நகர்வுகளை ஆழம் குறைத்துத் தேடுதல், ஆட்டத்தின் நடுப்பகுதிக்கும் இறுதிப்பகுதிக்கும் தனித்தனி மதிப்புகள் முதலானவை வர வேண்டும். மதிப்பீட்டு எண்களைக் கையால் மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, ஆட்ட முடிவுகளோடு பொருத்தித் தானாகச் சரிசெய்யும் டெக்செல் முறை எளியது. அந்த முறையைத் தந்த பீட்டர் ஆஸ்டர்லுண்ட்தான், ஆண்ட்ராய்டில் ஸ்டாக்ஃபிஷை இலவசமாகத் தரும் டிராய்ட்ஃபிஷையும் எழுதியவர் என்பது, இந்த இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு நல்ல சான்று.

மறைந்திருக்கும் செலவு சோதனையில் இருக்கிறது. ஒரு திருத்தம் செய்துவிட்டுப் பழைய பதிப்போடு 100 ஆட்டங்கள் ஆடவிட்டு, 54 புள்ளிகள் வந்தால் பலம் கூடிவிட்டது என்று மகிழ்பவர்கள் அதிகம். 100 ஆட்டங்களில் பிழைவீச்சு, ஆட்டபலத்தை அளக்கும் ஈலோ எண்ணில் இரு பக்கமும் 50 புள்ளிகளைத் தாண்டும். ஆகவே 54 என்பது எதையும் நிரூபிக்கவில்லை. 1,000 ஆட்டங்களில் அது ஏறத்தாழ 17-ஆகக் குறையும், ஐந்து புள்ளி வித்தியாசத்தைப் பார்க்க 10,000 ஆட்டங்கள் வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் குழுவுக்கு 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது. தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை அதற்கு இரவல் தருகிறார்கள். தனியாளுக்கு அது இல்லை. ஆகவே தொடக்கத்தில் 50, 100 புள்ளிகளாகக் கிடைக்கும் பெரிய முன்னேற்றங்களோடு நிறுத்திக்கொள்வது தனியாளுக்கு அறிவுடைமை. அந்தப் பெரிய முன்னேற்றங்கள் மேலே சொன்ன வரிசையிலேயே அடங்கிவிடுகின்றன.

இந்த வழி யாருக்கு ஏற்றது? எஞ்சின் எழுதுவதிலேயே இன்பம் காண்பவருக்கும், செயலியை மூடிய மூலநிரலாகவோ விளம்பரத்துடனோ வைத்திருக்க விரும்புபவருக்கும், கொள்ளளவு குறைந்த பழைய கருவிகளுக்கு எழுதுபவருக்கும் இதுவே சரி. எஞ்சின் உங்களுடையதாக இருந்தால் அதை எப்படிப் பலவீனப்படுத்துவது என்பதும் உங்கள் விருப்பம் என்ற கூடுதல் லாபமும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

## ஸ்டாக்ஃபிஷை உள்ளே வைத்தல்

2008-இல் டோர்ட் ரோம்ஸ்டாடின் கிளௌருங் எஞ்சினிலிருந்து பிரிந்து வளர்ந்த ஸ்டாக்ஃபிஷ், 2020 செப்டம்பரில் வந்த 12-ஆம் பதிப்பில் என்என்யுஇ எனப்படும் சிறு நரம்பு வலையை ஏற்றது. யு நாசு என்பவர் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக 2018-இல் உருவாக்கிய முறை அது. 2024 பிப்ரவரியில் வந்த 16.1 பதிப்பில், மனிதர் கையால் எழுதிய மதிப்பீட்டுப் பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. கைப்பேசிச் செயலிக்கு இந்த வரலாற்றின் பொருள் ஒன்றுதான்: வலைக் கோப்பைத் தவிர்த்துவிட்டுச் சிறிய ஸ்டாக்ஃபிஷை வைத்துக்கொள்ளும் வழி புதிய பதிப்புகளில் இல்லை. 12-ஆம் பதிப்பில் 20 மெகாபைட் அளவில் இருந்த வலைக்கோப்பு, 17-ஆம் பதிப்பில் 70 மெகாபைட்டைத் தாண்டியிருக்கிறது. உங்கள் செயலி இன்று மூன்று மெகாபைட்டாக இருந்தால், எஞ்சின் ஒன்றினாலேயே அது இருபது மடங்குக்கும் மேல் பெருத்துவிடும். பழைய பதிப்பொன்றோடு நின்றுகொண்டால் மனிதர் எவருக்கும் குறை தெரியப்போவதில்லை. 11-ஆம் பதிப்பில் வலையே கிடையாது, அதுவும் எந்த மனிதரையும் வெல்லும். புதிய பதிப்பு எண்ணைப் போட்டுக்கொள்ளும் பெருமைக்காக 70 மெகாபைட்டைப் பயன்படுத்துபவரின் தலையில் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இணைப்பது எளிது என்பதில் ஐயமில்லை. செயலியும் எஞ்சினும் பேசிக்கொள்ள 2000-ஆம் ஆண்டிலிருந்து வழக்கில் இருக்கும் யுசிஐ நெறிமுறை வெறும் எழுத்து வரிகளால் ஆனது: இதுவரை ஆடிய நகர்வுகளை ஒரு வரியில் எழுதி அனுப்பி, ஒரு வினாடி யோசி என்று அடுத்த வரியில் சொன்னால், சிறந்த நகர்வு ஒரு வரியாகத் திரும்பி வரும். ஆனால் ஆண்ட்ராய்டில் அந்த எஞ்சினைத் தனிச் செயல்முறையாக ஓட்டுவதில் சில கண்ணிகள் இருக்கின்றன. எஞ்சினை இயங்குநிரலாகத் தொகுத்து, நூலகக் கோப்புபோலப் பெயரிட்டு, நூலகங்களின் கோப்புறையில் வைக்க வேண்டும். நிறுவும்போது நூலகங்களைப் பொட்டலத்திலிருந்து பிரித்து வைக்கும்படியான அமைப்பையும் இயக்க வேண்டும். இல்லையேல் கோப்பு பொட்டலத்துக்குள்ளேயே கிடக்கும், இயக்க வராது. வேகம் கூடுதலாக இருக்கிறதே என்று, புதிய சிப்களில் மட்டும் உள்ள டாட்பிராட் கட்டளைகளோடு தொகுத்துக் கொடுத்தால், அக்கட்டளைகள் இல்லாத பழைய சிப்களில் முதல் நகர்வைக் கேட்டதும் எஞ்சின் செத்துவிடும். பொதுவான ஏஆர்எம்வி8 தொகுப்பே பாதுகாப்பானது. ஆண்ட்ராய்டு 12 முதல், செயலி பின்னணிக்குப் போனபின் அதிகமாகச் சிப்பை உழைக்கவைக்கும் துணைச் செயல்முறைகளை இயங்குதளமே கொன்றுவிடுகிறது. ஆகவே அழைப்பு வந்து திரும்பும் பயனருக்கு எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி எழுப்பி, ஆட்ட நிலையை ஊட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரே இழை, 16 மெகாபைட் ஹேஷ் என்ற ஸ்டாக்ஃபிஷின் இயல்பு அமைப்பை அப்படியே விடுவதும், பயனர் யோசிக்கும்போது எஞ்சினை யோசிக்க விடாமல் இருப்பதும் பேட்டரிக்கு நல்லது.

உரிமத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் ஜிபிஎல் 3 உரிமத்தில் இருக்கிறது. செயலியோடு அதை விநியோகிக்கும்போது உரிம வாசகத்தையும், நீங்கள் விநியோகிக்கும் அதே பதிப்பின் மூலநிரலையும், நீங்கள் செய்த மாற்றங்களையும் பயனருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். குழாய் வழியே எழுத்து வரிகளால் பேசிக்கொள்ளும் இரண்டு செயல்முறைகள் பொதுவாகத் தனித்தனி நிரல்களே என்பது சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் விளக்கம். நூலகமாக இணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே நிரல், அப்போது உங்கள் பகுதியும் ஜிபிஎல்லுக்குள் வந்துவிடும். அதோடு மூடிய விளம்பர நூலகத்தையும் இணைத்திருந்தால் உரிம மீறல். ஏட்டளவு விதிதானே என்று நினைக்க வேண்டாம். ஸ்டாக்ஃபிஷிலிருந்து உருவாக்கி விற்ற ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 எஞ்சின் தொடர்பாகச் செஸ்பேஸ் நிறுவனத்தின் மீது ஸ்டாக்ஃபிஷ் நிரலாளர்கள் 2021 ஜூலையில் ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தார்கள். 2022 நவம்பரில் அது உடன்பாட்டில் முடிந்தது. இலவசச் செயலி எழுதுபவர் தம் முழு மூலநிரலையும் ஜிபிஎல்லில் வெளியிட்டுவிட்டால் இந்தக் கவலையெல்லாம் ஒரே நாளில் தீரும். டிராய்ட்ஃபிஷ் அப்படித்தான் செய்திருக்கிறது.

ஐஃபோனுக்கும் கொடுக்க நினைப்பவருக்கு நிலைமை வேறு. அங்கே ஒரு செயலி இன்னொரு செயல்முறையைத் தொடங்க முடியாது. எஞ்சினை நூலகமாக இணைத்தே ஆக வேண்டும். ஜிபிஎல்லும் ஆப்பிள் கடையின் நிபந்தனைகளும் மோதியதால் 2010-இல் ஜிஎன்யு கோ விளையாட்டும், 2011 ஜனவரியில் விஎல்சி இயக்கியும் அங்கிருந்து அகற்றப்பட்டன. ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய செயலிகள் இன்றும் அங்கே கிடைக்கின்றன என்றாலும், பதிப்புரிமை உள்ள ஒருவர் ஆட்சேபித்தால் நிற்பதற்கு இடமில்லை. அந்த அச்சம் உள்ளவர்கள், மூலநிரலைத் திறக்கக் கோராத எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் அராசன் எஞ்சினைப் பார்க்கலாம். ஸ்டாக்ஃபிஷின் பலம் அதற்கு இல்லை, ஆனால் எந்தக் கைப்பேசிப் பயனருக்கும் அது தேவைக்கு மேல்.

இனி, முதல் அளவுகோலில் ஸ்டாக்ஃபிஷ் எங்கே நிற்கிறது? 0 முதல் 20 வரை திறன் நிலைகள் அதில் உண்டு. ஈலோ எண்ணைக் கொடுத்தும் கட்டுப்படுத்தலாம், அண்மைப் பதிப்புகளில் அதன் கீழ்வரம்பு 1320. நல்ல நகர்வுகள் சிலவற்றைக் கண்டுபிடித்து, அவற்றுள் தாழ்ந்த ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதுதான் அது பலவீனமாக ஆடும் விதம். விளைவு, நான் முன்பு சொன்ன கிராண்ட்மாஸ்டரும் குழந்தையும் மாறி மாறி உட்கார்ந்து ஆடுவது போன்ற ஆட்டம். தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு இதில் கற்க எதுவுமில்லை: தான் வென்றது தன் திட்டத்தாலா, எஞ்சின் போட்ட பிச்சையாலா என்று அவரால் சொல்ல முடியாது. ஸ்டாக்ஃபிஷ் பளிச்சிடும் இடம் ஆட்டம் முடிந்தபின் நடக்கும் அலசல். எந்த நகர்வில் ஆட்டம் கைநழுவியது என்று காட்டுவதற்கு அதைவிட நம்பகமான இலவச எஞ்சின் இல்லை.

## சேவையகத்துக்கு அனுப்புதல்

இதில் அதிகம் சொல்வதற்கில்லை. செயலி சிறியதாகவே இருக்கும், கைப்பேசி சூடாகாது, எஞ்சினைப் புதுப்பிக்க செயலியைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஜிபிஎல் நிரலைச் சேவையகத்தில் ஓட்டி விடையை மட்டும் அனுப்பினால் மூலநிரல் தரும் கடமையும் எழாது. சேவையகப் பயன்பாட்டையும் கணக்கில் கொள்ளும் ஏஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை மாற்றி ஓட்டினால் எழும். ஆனால் வருமானமில்லாத செயலிக்கு மாதந்தோறும் வாடகை கட்டுவது யார்? பயனர்கள் கூடினால் செலவும் கூடும் என்பது இலவசச் செயலிக்குத் தலைகீழான ஏற்பாடு. பேருந்திலும் மலைப்பாதை ரயிலிலும் இணையம் போனவுடன் ஆட்டம் நின்றுவிடும்.

சொந்தச் சேவையகம் வைக்காமல், லிசெஸ் என்ற இலவசச் சதுரங்கத் தளம் திறந்து வைத்திருக்கும் வசதிகளைத் துணையாகப் பயன்படுத்துவது வேறு விஷயம். சில காய்களே எஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்த இறுதியாட்ட அட்டவணைகள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிசிஜி என்ற அத்தகைய தொகுப்பில் ஐந்து காய்கள் வரையிலான அட்டவணை மட்டுமே ஒரு கிகாபைட்டை நெருங்குகிறது, ஆறு காய்களுக்கு ஏறத்தாழ 150 கிகாபைட், ஏழு காய்களுக்குப் பல டெராபைட். இவற்றைச் செயலியோடு சேர்த்துத் தர முடியாது. லிசெஸ்ஸிடம் நிலையை அனுப்பிக் கேட்டால் ஏழு காய்கள் வரை துல்லியமான விடை வரும். தன்னார்வக் கொடையில் நடக்கும் தளம் என்பதால், பயனர் கேட்கும்போது மட்டும், ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோள் என்று அடக்கமாகப் பயன்படுத்த வேண்டும்.

## எஞ்சினைத் தொடாமல் மற்றவற்றைத் திருத்துதல்

நான்கில் பலரும் பொருட்படுத்தாத வழி இது; பயனருக்கு உடனடியாகத் தெரியும் மாற்றமும் இதில்தான் இருக்கிறது.

முதலில் கடின நிலைகளின் ஏற்பாடு. "நிலை 3: இரண்டு வினாடி யோசிக்கும்" என்று நேரத்தை வைத்து நிலைகளை வகுத்திருந்தால், அதே நிலை 3 புதிய கைப்பேசியில் ஒரு பலத்திலும், பழைய கைப்பேசியில் வேறொரு பலத்திலும் ஆடும், வெயிலில் சூடான கைப்பேசி வேகத்தைக் குறைத்துக்கொண்டால் மூன்றாவது ஒரு பலத்தில் ஆடும். அலசும் பலகை நிலைகளின் எண்ணிக்கையை வரம்பாக வைத்தால் எல்லாக் கருவியிலும் ஒரே எதிராளி கிடைப்பார். அதன்மேல் மதிப்பீட்டில் சிறு தற்செயல் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்து, தாழ்ந்த நிலைகளில் எதிராளியின் நீண்ட தூர மிரட்டல்களைச் சில வேளை கவனிக்காமல் விடச் செய்தால், தவறுகள் மனிதத் தவறுகளை நெருங்கும். இதற்கு மட்டும் எஞ்சினுக்குள் சற்றுக் கைவிட வேண்டியிருக்கும்; சொந்த எஞ்சின் இருந்தால் அதைப் பலவீனப்படுத்துவது உங்கள் விருப்பம் என்று முன்பு சொன்னது இதைத்தான். இன்னும் ஒரு படி மேலே போக விரும்புபவர், லிசெஸ் ஆட்டங்களிலிருந்து மனிதரின் நகர்வைக் கணிக்கப் பயிற்றப்பட்ட மைய்யா வலைகளைப் பார்க்கலாம். 1100 முதல் 1900 வரை ஒன்பது நிலைகளில் அவை கிடைக்கின்றன. அந்தந்தத் தரத்து மனிதர் ஆடும் நகர்வைப் பாதிக்கும் சற்று மேற்பட்ட தடவை சரியாகச் சொல்லிவிடுகின்றன. தேடல் தேவையில்லை என்பதால் பேட்டரிச் செலவும் சொற்பம். ஆனால் அவையும் ஜிபிஎல் உரிமத்துக்குட்பட்டவை.

அடுத்துப் புதிர்கள். லிசெஸ் தன் புதிர்த் தொகுப்பை எந்த நிபந்தனையுமின்றிப் பொதுவுடைமையாக வெளியிட்டிருக்கிறது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிர்கள், ஒவ்வொன்றுக்கும் கடினத் தரமும் கருப்பொருளும் குறிக்கப்பட்டிருக்கின்றன. 10,000 புதிர்களைத் தேர்ந்தெடுத்து வைத்தால் இரண்டு மெகாபைட்கூட வராது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அதில் தரப்பட்டிருக்கும் நிலை, எதிராளி தன் நகர்வை ஆடுவதற்கு முந்தியது. பட்டியலின் முதல் நகர்வை எதிராளிக்காக ஆடிக் காட்டிவிட்டுத்தான் பயனரைக் கேட்க வேண்டும். அதைப் படிக்காமல் நேரடியாகக் காட்டினால், பயனர் தவறான நிறத்துக்குத் தவறான விடையைத் தேடிக்கொண்டிருப்பார்.

பலகையையும் பாருங்கள். 360 அலகு அகலமுள்ள திரையில் எட்டுக் கட்டங்கள் என்றால் ஒரு கட்டம் 45 அலகு. தொடுவதற்குக் குறைந்தபட்சம் 48 வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. அதாவது விளிம்பில் இடம் விடாமல் பலகையை முழு அகலத்துக்கு வரைந்தாலும் கட்டம் சிறியதே. ஆகவே இழுத்து விடுதல், தொட்டுத் தொட்டு நகர்த்துதல் இரண்டும் வேண்டும். விரலுக்கடியில் மறையும் காயைச் சற்றுப் பெரிதாக்கி மேலே தூக்கிக் காட்ட வேண்டும். பலகை முழுவதையும் ஒரே படமாக வரையும் செயலியில், பார்வையற்றவர் பயன்படுத்தும் டாக்பேக் வாசிப்பானுக்கு அது ஒற்றைப் பொருளாகத்தான் தெரியும்; 64 கட்டங்களையும் தனித்தனியாக அறிவித்தால்தான் "எஃப்3, வெள்ளைக் குதிரை" என்று அது படிக்கும். பார்வையற்றோர் தொட்டுணரும் பலகையில் ஆடும் மரபு நீண்டது. கைப்பேசியில் அவர்களுக்குக் கதவு அடைத்திருப்பதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை. விதிகளும் இதில் சேரும்: குதிரையாகப் பதவி உயர்த்த வழியில்லாத செயலிகளும், மூன்று முறை ஒரே நிலை வந்தும் சமன் கேட்க விடாத செயலிகளும் எஞ்சின் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அரைகுறையே.

இந்த வழிக்கும் செலவு உண்டு. நிரல் எழுதுபவர் பெரும்பாலும் வடிவமைப்பாளர் அல்லர். எஞ்சினுக்கு இருப்பதுபோல இதில் முன்னேற்றத்தை அளக்க ஈலோ எண்ணும் இல்லை. நாலு பேர் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு சோதனையில்லை.

## எந்தச் சூழலுக்கு எது

முழு மூலநிரலையும் திறந்து வைக்கத் தயங்காதவர், ஆண்ட்ராய்டுக்கு மட்டும் எழுதுபவர் என்றால் இரண்டையும் வைத்துக்கொள்வதே நான் சொல்லும் தேர்வு: எதிராளியாக ஆடுவதற்குச் சொந்த எஞ்சின், ஆட்டம் முடிந்தபின் அலசுவதற்கு ஸ்டாக்ஃபிஷ். இரண்டும் யுசிஐ பேசும்படி முதலிலேயே அமைத்துக்கொண்டால், பின்னால் எதை மாற்றுவதும் எளிது. அளவு உறுத்தினால் அலசல் எஞ்சினைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் விருப்பமாக விடலாம். அந்தக் கோப்பும் கடையின் வழியாகவே வர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

விளம்பர வருமானத்தை நம்பியிருப்பவரும், ஐஃபோனிலும் வெளியிட நினைப்பவரும் ஜிபிஎல் நிரலைத் தொடாமல், சொந்த எஞ்சினை அமைதித் தேடல் முதல் ஹேஷ் அட்டவணை வரை சீர்செய்துகொண்டு, பொதுவுடைமைப் புதிர்களைச் சேர்ப்பது நல்லது. பள்ளிக் குழந்தைகளுக்கென்று எழுதுபவர் எஞ்சின் பக்கமே போக வேண்டாம். நிலைகள், புதிர்கள், பலகை ஆகிய மூன்றிலும் உழைப்பைச் செலவிடட்டும். சேவையக வழியை, இணையத்தில் இருவர் ஆடும் வசதிக்காக ஏற்கெனவே ஒரு சேவையகத்தை நடத்திக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.

அடுத்த பதிப்புக்கு ஒரு வாரமே கையில் இருக்கிறது என்பவர் பெர்ஃப்ட் சோதனையை ஓட்டிப் பிழைகளைத் திருத்திவிட்டு, நேர வரம்பு நிலைகளை அலசல் எண்ணிக்கை நிலைகளாக மாற்றி வெளியிட்டுவிடலாம். ஸ்டாக்ஃபிஷ் அதற்கடுத்த பதிப்புக்குக் காத்திருக்கட்டும்.